கரி தேடப் போனார்கள், பனியைக் கண்டார்கள்

நிலவியல், எரிசக்தி, அறிவியல் வரலாறு குறித்து, பெரும்பாலும் இந்த இருபது இருபத்தைந்து வருடங்களில் வந்த புத்தகங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கே: பாறை, மண் என்றாலே எனக்குத் தூக்கம் வந்துவிடும். விழிக்க வைக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள். (வாசகர், கடலூர்)

ப: சைமன் வின்செஸ்டர் எழுதிய 'தி மேப் தட் சேஞ்ச்டு தி வேர்ல்ட்'. 2001-இல் வந்தது. வில்லியம் ஸ்மித் என்ற கொல்லர் மகன் இங்கிலாந்து முழுக்க அலைந்து, மண்ணுக்குக் கீழே எந்தப் பாறை எங்கே ஓடுகிறது என்று 1815-இல் ஒரு வரைபடம் போட்ட கதை. எட்டரை அடிக்கு ஆறடி, பதினைந்து தாள்கள். ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். அந்த வண்ணத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாறை அடுக்கின் அடிவிளிம்பிலும் நிறம் அழுத்தமாக இருக்கும். மேலே போகப் போக வெளிறும். தட்டையான தாள்தான், ஆனால் எந்த அடுக்கு எதன்மேல் சாய்ந்து கிடக்கிறது என்பது பார்த்தவுடன் கண்ணில் படும்.

வரைபடம் வெளிவந்த நான்காம் வருடம் ஸ்மித் கடனுக்காகச் சிறைக்குப் போனார். லண்டன் நிலவியல் கழகத்தின் கனவான்கள் போட்டிக்கு இன்னொரு வரைபடம் வெளியிட்டார்கள். அதே கழகம் 1831-இல் தன் முதல் வோலஸ்டன் பதக்கத்தை அவருக்கே கொடுத்தது. இதைப் படித்த பிறகும் தூக்கம் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கே: ஸ்மித் நிலக்கரி முதலாளிகளிடம் கூலிக்கு வேலை பார்த்த சர்வேயர்தானே? அவரை விஞ்ஞானி என்று கொண்டாடுவது கொஞ்சம் அதிகமில்லையா? (பேராசிரியர், திருச்சி)

ப: இல்லை. அந்தக் கூலிதான் அவருக்குப் பாறையைக் காட்டியது. சாமர்செட் வட்டாரத்தில் கரி ஏற்றிச் செல்லக் கால்வாய் வெட்டினார்கள். வெட்டிய கரையில் அடுக்கடுக்காகப் பாறை வெளியே தெரிந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் அதற்கே உரிய தொல்லுயிர்ப் படிமங்கள் இருந்தன. அந்த வரிசை பிடிபட்டதும், ஓரிடத்தில் கிடக்கும் கிளிஞ்சலைப் பார்த்தே கீழே கரி இருக்குமா, கரி அடுக்கு எப்போதோ கடந்து போய்விட்டதா என்று அவரால் சொல்ல முடிந்தது. கறுப்பாக ஏதோ தெரிகிறதே என்று குழி தோண்டிச் சொத்தை இழந்த நிலக்கிழார்களுக்கு அந்த ஒரு சொல்லின் விலை தெரியும்.

இந்தத் துறையின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பணம் போட்டவர் ஒன்றைத் தேடினார், வேலைக்குப் போனவர் அதைவிடப் பெரிய ஒன்றைக் கண்டார். பணம் யாருடையது, உழைப்பு யாருடையது, பெயர் யாருக்குப் போனது என்று மூன்றையும் மறைக்காமல் சொல்லும் புத்தகத்தைத்தான் நான் நல்ல புத்தகம் என்பேன். பால் லூசியரின் 'சயன்டிஸ்ட்ஸ் அண்ட் ஸ்விண்ட்லர்ஸ்' (2008) அந்த வகை. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கரிக்கும் எண்ணெய்க்கும் ஆலோசனை சொல்லிக் காசு வாங்கிய விஞ்ஞானிகளின் கதை அது. காசு வாங்கியவர் சொன்ன உண்மையும் உண்மைதான், ஆனால் அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று அந்தச் சமூகம் தடுமாறிக் கற்றுக்கொண்டதை விவரமாக எழுதியிருக்கிறார்.

கே: நம் நாட்டில் அப்படி ஏதாவது உண்டா? (கல்லூரி மாணவி, அரியலூர்)

ப: உண்டு. உங்கள் ஊர்வரை நீளும் கதை.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் தொடங்கியது. முக்கிய நோக்கம் நிலக்கரி. சில வருடங்களில் வில்லியம் பிளான்ஃபோர்ட், ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற அண்ணன் தம்பி இருவரையும் ஒடிசாவின் தால்ச்சேர் கரிவயலைப் பார்த்து வர அனுப்பினார்கள். இருவருக்கும் இருபதுகளின் தொடக்க வயது. கரி அடுக்குகளுக்கும் கீழே ஒரு விசித்திரமான பாறை இருந்தது. மாவு போல மெல்லிய வண்டல், அதற்குள் பெரிய பெரிய உருண்டைக் கற்கள்.

இது ஏன் விசித்திரம்? கல்லை உருட்டும் வேகத்தில் ஓடும் வெள்ளம் மெல்லிய வண்டலை அங்கே தங்க விடாது, அடித்துக்கொண்டு போய்விடும். வண்டல் படியும் அளவுக்குத் தண்ணீர் அமைதியாக இருந்தால் அத்தனை பெரிய கல் அங்கே வந்து சேராது. இரண்டும் ஒன்றாகக் கிடப்பதற்கு அவர்கள் கண்ட விளக்கம் இது: கல்லைத் தண்ணீர் கொண்டுவரவில்லை, பனிக்கட்டி சுமந்து வந்து போட்டது. ஒடிசா வெயிலில் நின்றுகொண்டு, 1856-இல், இங்கே ஒரு காலத்தில் பனி இருந்தது என்று சொன்னார்கள். எத்தனை துணிச்சல்! 1872-இல் பெயின்கங்கா ஆற்றுப் பக்கம் பனி உரசிய கீறல்களோடு பாறைகள் கிடைத்தபோது அவர்கள் சொன்னது உறுதியானது. ஏறத்தாழ 30 கோடி வருடப் பழமையான அதே பனிப்படிவு தென்னாப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அண்டார்க்டிகாவிலும் இருக்கிறது. இந்தக் கண்டங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்தன என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

தம்பி ஹென்றி அடுத்து வந்தது உங்கள் பக்கம். தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரெட்டேசியஸ் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தவர் அவர்தான். அங்கே திரட்டிய படிமங்களை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா வருடக்கணக்காக உட்கார்ந்து விவரித்தார். அதனால் இன்றும் உலகில் எங்கே கிரெட்டேசியஸ் அம்மோனைட்டுகளைப் பற்றிப் பேசினாலும் அரியலூர் பெயர் வராமல் போகாது. ஹென்றி பிறகு வானிலைத் துறைக்குப் போய், இமயமலைப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்.

இந்த உலகத்துக்குள் நுழைய இரண்டு புத்தகங்கள் போதும். ஒன்று பிரணய் லாலின் 'இண்டிகா' (2016): நம் துணைக்கண்டத்தின் முழு வரலாறும் படங்களோடு, யாருக்கும் புரியும்படி. மற்றொன்று பிரதீக் சக்ரவர்த்தியின் 'இன்ஸ்கிரிப்ஷன்ஸ் ஆஃப் நேச்சர்' (2020). அது ஆய்வு நூல், மெல்லப் படிக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டும்போது பழைய நாணயமும் பழைய எலும்பும் ஒரே குழியிலிருந்து வந்தன. மண்ணின் வயதையும் மக்களின் பழமையையும் புராணத்தையும் ஒன்றோடொன்று பின்னி எழுதும் வழக்கம் எப்படி வந்தது என்று அதில் சக்ரவர்த்தி காட்டுகிறார். கீழடி அகழாய்வு பற்றி ஆர்வமாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் இதைப் படித்தால் நம் பேச்சு இன்னும் ஆழமாகும் என்பது என் எண்ணம்.

கே: இத்தனை சாட்சி இருந்தும், கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன வேகனரை ஏன் ஐம்பது வருடம் நம்பவில்லை? (ஆசிரியர், தென்காசி)

ப: நயோமி ஒரெஸ்கஸ் இதற்கென்றே 1999-இல் ஒரு புத்தகம் எழுதினார்: 'தி ரிஜெக்ஷன் ஆஃப் காண்டினென்டல் டிரிஃப்ட்'. கண்டங்களைத் தள்ளுவது எது என்று வேகனரால் காட்ட முடியவில்லை, அதனால் நிராகரித்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அது மட்டும் காரணமில்லை என்கிறார் ஒரெஸ்கஸ். ஓர் ஆள் ஒரு பெரிய கருத்தை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு சாட்சி திரட்டுவதை அமெரிக்க நிலவியலாளர்கள் முறைகேடாகக் கருதினார்கள். பாறையைப் பார்த்தது பற்றிய சண்டையைவிட, எப்படிச் சிந்திப்பது ஒழுங்கு என்பது பற்றிய சண்டையே பெரிது. தென்னாப்பிரிக்காவின் அலெக்சாண்டர் டூ டாய்ட் தென் அமெரிக்காவுக்கே போய் இரண்டு கரைப் பாறைகளையும் ஒப்பிட்டு எழுதினார். அதையும் தள்ளிவிட்டார்கள். இந்த விவாதத்துக்காக 1926-இல் நியூயார்க்கில் கருத்தரங்கு நடத்தியது எது தெரியுமா? அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர்கள் சங்கம்.

கே: இந்தப் புத்தகங்களில் பெண்களே கிடையாதா? (வாசகி, மதுரை)

ப: மேரி தார்ப் இருக்கிறார். ஹாலி ஃபெல்ட் எழுதிய 'சவுண்டிங்ஸ்' (2012) அவருடைய வாழ்க்கை வரலாறு.

தார்ப் 1920-இல் பிறந்தவர். அப்பா மண்வள சர்வேயர். உலகப் போருக்கு ஆண்கள் போய்விட்டதால் மிஷிகன் பல்கலைக்கழகம் பெண்களுக்கு நிலவியல் வகுப்பைத் திறந்தது. அதில் பட்டம் வாங்கினார். எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்தது, ஆனால் பெண்களைக் களத்துக்கு அனுப்பமாட்டார்கள். ஆண்கள் கொண்டுவரும் தரவுகளை மேசையில் உட்கார்ந்து ஒழுங்கு செய்யும் வேலை. அதை விட்டுவிட்டு நியூயார்க்குக்கு வந்தார். அங்கே லாமான்ட் ஆய்வகத்திலும் அதே கதைதான்: ஆய்வுக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது. புரூஸ் ஹீஸன் கப்பலில் போய்க் கடலின் ஆழத்தை அளந்த எண்களைக் கொண்டுவருவார், தார்ப் அவற்றைப் படமாக வரைவார்.

1952-இல் அட்லாண்டிக் கடலைக் குறுக்காகக் கடந்த ஆறு பயணங்களின் எண்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கடல்தரையின் வெட்டுத்தோற்றத்தை மையால் வரைந்தார். பிறகு ஆறையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். நடுக்கடல் மலைத்தொடர் ஆறிலும் இருந்தது, ஆனால் மலைகளின் உருவம் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் ஆறிலும் அதே இடத்தில் வந்தது: மலைத்தொடரின் உச்சியில், நட்டநடுவில், 'வி' வடிவில் ஒரு பள்ளம். தரை பிளந்து இரண்டு பக்கமும் விலகுகிறது என்பதன் அடையாளம் அது. ஹீஸனிடம் காட்டினார். பெண்பிள்ளைப் பேச்சு என்று அவர் ஒதுக்கிவிட்டார், ஏனென்றால் பிளவு உண்டென்றால் வேகனர் சொன்னது சரி என்றாகிவிடும்.

அதே அறையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்ற செவித்திறன் இல்லாத ஓவியர் ஒருவர் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடலடிக் கம்பிவடங்களைப் பாதுகாப்பாக எங்கே போடலாம் என்பதற்காக நிலநடுக்கம் தோன்றிய இடங்களை ஒவ்வொரு புள்ளியாகக் குறித்து வந்தார். இருவர் வரைபடங்களும் ஒரே அளவில் இருந்தன. விளக்கு எரியும் மேசைமேல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தார்கள். நிலநடுக்கப் புள்ளிகள் தார்ப் கண்ட பள்ளத்துக்குள் வரிசையாகப் போய் விழுந்தன. அதற்குப் பிறகுதான் ஹீஸன் மனம் மாறினார். 1956-இல் ஆய்வகத் தலைவர் ஈவிங்கும் ஹீஸனும் இதை வெளியிட்ட கட்டுரையில் தார்ப் பெயர் இல்லை. அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்டோ இந்தப் பள்ளத்தை நம்பாமல், இல்லையென்று காட்டக் கடலடியில் கேமராவை இழுத்துப்போய், அது இருப்பதையே படம்பிடித்து, 1959-இல் நியூயார்க் மாநாட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். 1977-இல் ஹைன்ரிஷ் பெரான் தூரிகையில் வந்த உலகக் கடல்தரை வரைபடத்தை நீங்கள் பள்ளிச் சுவரில் பார்த்திருக்கக்கூடும். அதன் அடிப்படை தார்ப்பும் ஹீஸனும் இருபது வருடத்துக்கு மேல் செய்த வேலை.

கே: அந்த ஆய்வுக்கெல்லாம் யார் பணம் கொடுத்தார்கள்? (வாசகர், நாகர்கோவில்)

ப: பெரும்பகுதி அமெரிக்கக் கடற்படை. நீர்மூழ்கிக் கப்பலை ஒளித்துவைக்கவும் எதிரியின் கப்பலைக் கண்டுபிடிக்கவும் கடலின் ஆழமும் அதில் ஒலி பயணம் செய்யும் விதமும் தெரிய வேண்டும். ஆழக்கோடு போட்ட வரைபடங்களை ரகசியமாக வைத்திருந்தார்கள். தார்ப் மலைகளையும் பள்ளங்களையும் ஓவியம் போலத் தீட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தத் தடையால்தான் சாதாரண மனிதர் பார்த்துப் புரிந்துகொள்ளும் வரைபடம் உலகுக்குக் கிடைத்தது. ஒரெஸ்கஸின் 'சயன்ஸ் ஆன் எ மிஷன்' (2021) முழுக்க இந்தப் பணத்தைப் பற்றியதுதான். பணம் வந்ததால் என்னென்ன தெரிந்துகொண்டோம் என்பதோடு, பணம் வராததால் கடலைப் பற்றி எதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் விட்டோம் என்றும் கேட்கிறார். இரண்டாவது கேள்விதான் அந்தப் புத்தகத்தின் பலம். கனமான புத்தகம், அவசரப்படாமல் படியுங்கள்.

கே: எண்ணெய் தேடியதால் பெட்ரோல் தவிர நமக்கு வேறு என்ன கிடைத்தது? (மாணவர், சேலம்)

ப: உங்கள் கால்குலேட்டர். வெடி வைத்து, அதிர்வு பாறையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து எண்ணெய் தேட 1930-இல் டெக்சாஸில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். 1958-இல் ஜாக் கில்பி அங்கேதான் ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டினார்.

கே: டைனோசர் அழிந்ததற்கும் எண்ணெய்க்கும் தொடர்புண்டு என்று என் மகன் சொல்கிறான். சரியா? (இல்லத்தரசி, ஈரோடு)

ப: மகன் விவரமானவன். டைனோசர்தான் எண்ணெய் ஆனது என்று அவன் சொல்லியிருந்தால் மட்டும் திருத்துங்கள். எண்ணெய் பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்களும் பாசிகளும் புதைந்து வெந்து உருவானது. உண்மையான தொடர்பு இது: 1978-இல் மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸுக்காக யுகடான் கடற்கரையில் காந்தப்புலத்தை அளந்தபோது கிளென் பென்ஃபீல்ட் என்பவர் கடலுக்கடியில் பிரம்மாண்டமான வளைவு ஒன்றைக் கண்டார். நிலத்தின் ஈர்ப்பு வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்தபோது முழு வட்டமானது. 1981-இல் அவரும் அந்தோனியோ கமார்கோவும் எண்ணெய்த்துறை மாநாடு ஒன்றில் இது விண்கல் விழுந்த குழியாக இருக்கலாம் என்று சொன்னார்கள். டைனோசர்களை அழித்ததாகக் கருதிய விண்கல்லின் குழியைத் தேடிக்கொண்டிருந்த விஞ்ஞானிகள் அந்த மாநாட்டுப் பக்கமே வரவில்லை. ஒன்பது வருடம் கழித்து ஹூஸ்டன் நாளிதழ் நிருபர் கார்லோஸ் பையர்ஸ் இரு தரப்பையும் சேர்த்துவைத்தார். 1991-இல் கட்டுரை வந்தது. வால்டர் ஆல்வாரெஸின் 'டி. ரெக்ஸ் அண்ட் தி கிரேட்டர் ஆஃப் டூம்' இந்தத் தேடலை உள்ளேயிருந்து சொல்கிறது. 1997-இல் வந்த புத்தகம், இன்றும் புதுமை குறையவில்லை. மகனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்களும் படியுங்கள்.

கே: யெர்கினின் 'தி பிரைஸ்' தான் எண்ணெய் வரலாற்றின் வேதம் என்கிறார்களே? (வாசகர், கோவை)

ப: படிக்க வேண்டிய புத்தகம். 1992-இல் புலிட்சர் வாங்கியது. மந்திரிகளும் முதலாளிகளும் மூடிய அறையில் பேசியதையெல்லாம் கூடவே இருந்து பார்ப்பது போல எழுதியிருக்கிறார். ஆனால் துளை போட்ட கைகள் அதில் குறைவு. 1938-இல் சவுதி அரேபியாவில் தம்மாம் 7-ஆம் கிணறு எண்ணெய் கொடுத்தபோது மாக்ஸ் ஸ்டைனிக் என்ற அமெரிக்க நிலவியலாளர் புகழ் பெற்றார். அவரைப் பாலைவனத்தில் வழி தவறாமல் கூட்டிப் போனவர் கமீஸ் பின் ரிம்தான் என்ற பெதூயின் வழிகாட்டி. பின்னாளில் ஓர் எண்ணெய் வயலுக்கே ரிம்தான் என்று பெயர் வைத்தார்கள். இப்படிப்பட்டவர்களைத் தலைமை மாந்தராக வைத்து ஒரு பெரிய நூல் வர வேண்டும் என்பது என் ஆசை. எண்ணெய் யுகத்துக்கு முந்தைய காலத்திலிருந்து முதல் உலகப்போர் வரை தெரிய வேண்டுமென்றால் கீத் ஃபிஷரின் 'எ பைப்லைன் ரன்ஸ் த்ரூ இட்' (2022) எடுங்கள். யாருடைய நிலம் பறிபோனது என்பதை அதில் ஒளிக்கவில்லை.

கே: நெடுவாசல் போராட்டத்தில் கலந்துகொண்டவன் நான். பாறையை உடைத்து வாயு எடுப்பது பற்றி நடுநிலையான புத்தகம் உண்டா? (விவசாயி, புதுக்கோட்டை)

ப: இரண்டு புத்தகங்களைச் சேர்த்துப் படியுங்கள், ஒன்று போதாது.

கிரகரி ஸக்கர்மனின் 'தி ஃப்ராக்கர்ஸ்' (2013) தேடியவர்களின் கதை. ஜார்ஜ் மிட்செலின் அப்பா கிரேக்க நாட்டில் ஆடு மேய்த்தவர். மகன் டெக்சாஸின் பார்னெட் என்ற களிப்பாறையில் வாயு இருக்கிறது என்று நம்பி 1981-இல் தொடங்கி வருடக்கணக்காகப் பணத்தைக் கொட்டினார். அவருடைய ஆட்களிலேயே பலர் நம்பவில்லை. பாறையைப் பிளக்கக் கெட்டியான ரசாயனக் கூழைச் செலுத்துவார்கள். அதன் விலை அதிகம். நிக் ஸ்டைன்ஸ்பெர்கர் என்ற இளம் பொறியாளர் கூழைக் குறைத்துப் பெரும்பாலும் தண்ணீரையே செலுத்திப் பார்த்தார். செலவைக் குறைக்கச் செய்த முயற்சிதான். 1998-இல் ஒரு கிணற்றில் அது வெற்றி பெற்றது. 2002-இல் மிட்செல் தன் கம்பெனியை 350 கோடி டாலருக்கு விற்றார்.

ரஸல் கோல்டின் 'தி பூம்' (2014) உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். பத்திரிகையாளரான அவருடைய பெற்றோருக்குப் பென்சில்வேனியாவில் நிலம் இருந்தது. குத்தகைக்குக் கேட்டு வாயுக் கம்பெனியின் ஆள் வந்து நிற்கிறார். கையெழுத்துப் போடலாமா என்று அப்பாவும் அம்மாவும் மகனைக் கேட்கிறார்கள். அங்கிருந்து புத்தகம் விரிகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் பல இடங்களில் நிலத்துக்கு அடியிலுள்ள வாயுவும் நிலத்துக்காரருடையது. அவர் வேண்டாம் என்று சொல்லலாம், விலை பேசலாம். இங்கே துரப்பண உரிமம் அரசு கொடுப்பது. உழுகிறவர் வயலில் என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. நெடுவாசல் மக்கள் 2017-இல் கேட்டது வாயு எடுக்கும் தொழில்நுட்பம் பற்றிய கேள்வி மட்டுமில்லை, எங்களை யார் கேட்டீர்கள் என்பதும்தான். அந்தக் கேள்வி நியாயமானது. காவிரிப் படுகையை 2020-இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியதில் உங்களைப் போன்றவர்களுக்குப் பங்குண்டு.

கே: எண்ணெய் தீர்ந்துவிடும் என்று அறுபது வருடமாகச் சொல்கிறார்கள். தீரவில்லையே? (வாசகர், வேலூர்)

ப: அமெரிக்க நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் 1956-இல் சொன்னதைத்தானே கேட்கிறீர்கள்? அமெரிக்க உற்பத்தி 1970-ஐ ஒட்டி உச்சம் தொட்டுச் சரியும் என்றார். அப்படியே நடந்தது. நாற்பத்தெட்டு வருடம் கழித்து, 2018-இல், மேலே சொன்ன முறையில் களிப்பாறையிலிருந்து எடுத்த எண்ணெயால் அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கணக்கு அவருக்குத் தெரிந்த பாறைகளுக்குச் சரி. மேசன் இன்மனின் 'தி ஆரக்கிள் ஆஃப் ஆயில்' (2016) அவருடைய வரலாறு.

கே: சூரியசக்தி வந்தால் நிலக்கரி தானாகப் போய்விடும் அல்லவா? (பொறியாளர், தூத்துக்குடி)

ப: தானாகப் போகாது. ஜான்-பாப்டிஸ்ட் ஃப்ரெஸோவின் 'மோர் அண்ட் மோர் அண்ட் மோர்' (2024) இதைத்தான் அடித்துச் சொல்கிறது. விறகு போய்க் கரி வந்தது, கரி போய் எண்ணெய் வந்தது என்பது நாம் நமக்குச் சொல்லிக்கொண்ட கதை. கரிச்சுரங்கத்தின் கூரையைத் தாங்க மரத்தூண் வேண்டும். பிரிட்டனின் சுரங்கங்கள் அதற்காகக் காடு காடாக மரத்தை விழுங்கின. கரி பெருகியதால் மரத்தின் தேவையும் பெருகியது. எண்ணெய் எடுக்க இரும்புக் குழாய் வேண்டும், இரும்புக்குக் கரி வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து உட்காரவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. எனக்கு இந்தப் புத்தகத்தின் எல்லா முடிவுகளிலும் உடன்பாடில்லை. இதுவரை நடக்காதது இனி நடக்காது என்று ஆகாது. ஆனால் கரியைக் குறைக்க வேண்டுமென்றால் கரியைத்தான் குறைக்க வேண்டும், வேறொன்றைக் கூட்டினால் போதாது என்று அவர் சொல்வதை ஒவ்வொரு மின்துறை அதிகாரியும் படிக்க வேண்டும். கூடவே எட் கான்வேயின் 'மெட்டீரியல் வேர்ல்ட்' (2023): மணல், உப்பு, இரும்பு, தாமிரம், எண்ணெய், லித்தியம் என்ற ஆறு பொருள்களைத் தேடிக் கிளம்பிய பயணம். காற்றாலைக்கும் மின்வண்டிக்கும் எவ்வளவு தோண்ட வேண்டியிருக்கிறது என்பது அதில் தெரியும்.

கே: நெய்வேலி நிலக்கரிக்கும் இப்படி ஒரு தேடல் கதை உண்டா? (ஓய்வுபெற்ற தொழிலாளி, விருத்தாசலம்)

ப: உங்களிடம்தான் நான் கேட்க வேண்டும்! 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதை அலட்சியமாக விடாமல் அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்தினார். 1940-களில் துளையிட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஆனால் கண்டுபிடித்ததைவிடப் பெரிய சவால் தண்ணீர். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர், மேலே உள்ள மண்ணை அகற்றியதும் அடித்தளத்தையே பிய்த்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும். சுற்றிலும் குழாய்க்கிணறு போட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்துக்குள் நிற்க முடியும். அப்படி இறைப்பதால் சுற்றுப்புறக் கிராமங்களின் கிணறுகள் என்னவாயின, நிலம் கொடுத்த குடும்பங்கள் எங்கே போயின என்பதும் இதே கதையின் பகுதி. உங்களைப் போலச் சுரங்கத்துக்குள் நின்றவர்கள் நினைவில் இருப்பதை எழுதி வையுங்கள், அல்லது பேரப்பிள்ளையிடம் சொல்லி ஃபோனில் பதிவு செய்யுங்கள். நாளைக்கு வரலாறு எழுதுகிறவருக்கு அதுதான் ஆவணம்.

கே: புவி சூடாவது எண்ணெய்க் கம்பெனிகளுக்கு முன்பே தெரியுமா? (மாணவி, சென்னை)

ப: தெரியும். எக்ஸான் நிறுவன விஞ்ஞானிகள் 1977-இலேயே நிர்வாகத்துக்கு விளக்கினார்கள். 1979-இல் 'எஸ்ஸோ அட்லாண்டிக்' என்ற தங்கள் எண்ணெய்க் கப்பலிலேயே கருவி பொருத்திக் காற்றிலும் கடல்நீரிலும் கரியமில வாயுவை அளந்தார்கள். அவர்கள் அன்று போட்ட கணிப்புகளில் 63 முதல் 83 விழுக்காடு வரை துல்லியமாக இருந்தன என்று 2023-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. விஞ்ஞானிகள் தங்கள் வேலையை நேர்மையாகச் செய்தார்கள். நிர்வாகம் வெளியே வந்து பேசிய பேச்சில் அந்த முடிவுகள் தலைகீழாயின. ஜெஃப் டெம்பிக்கியின் 'தி பெட்ரோலியம் பேப்பர்ஸ்' (2022) படியுங்கள். அதற்கு முன்கதை வேண்டுமென்றால் ஆலிஸ் பெல்லின் 'அவர் பிகெஸ்ட் எக்ஸ்பெரிமென்ட்' (2021). கண்ணாடிக் குழாயில் கரியமில வாயுவை அடைத்து வெயிலில் வைத்து, அது அதிகம் சூடேறுவதை 1856-இலேயே கண்ட யூனிஸ் ஃபுட் என்ற பெண்ணை அதில் சந்திப்பீர்கள்.

கே: நேரில் பார்க்க ஏதாவது? புத்தகம் மட்டும் போதாது. (வாசகர், பெரம்பலூர்)

ப: உங்கள் மாவட்டத்திலேயே சாத்தனூர் கல்மரம். 18 மீட்டருக்கு மேல் நீளமான மரம், கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-இல் அதை அடையாளம் கண்டவர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சைப் பக்கத்துக்காரர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர். அதைப் பார்த்துவிட்டு வாரணவாசி படிம அருங்காட்சியகம் போங்கள். ஓடையில் கிளிஞ்சல் படிமம் கண்ணில் பட்டால் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கல்லை மட்டும் எடுக்காதீர்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத படிமம் நிலவியலுக்குப் பாதி ஊமை.

கே: நீங்கள் சொல்லும் புத்தகங்களின் விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. வழி சொல்லுங்கள். (நூலகப் பிரியர், திண்டுக்கல்)

ப: சென்னைக்கு வரும்போது கன்னிமாராவுக்குப் போங்கள். இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சட்டப்படி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. 'இண்டிகா' அங்கே கேட்கலாம். வெளிநாட்டு நூல்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். பிளான்ஃபோர்ட் காலத்து ஆய்வுக் குறிப்புகளுக்குப் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஸ்கேன் செய்தவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர் நூலகரிடம் பேசி, வாசகர் கோரிக்கைப் பதிவேட்டில் புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். உங்களோடு இன்னும் நாலைந்து பேர் அதே பெயரை எழுதினால் வாங்கும் பட்டியலில் அது இடம்பெற வாய்ப்பு அதிகம்.